அலைகரைப் புல்லும் படங்கில் காயும் நெல்லும்

திருகோணமலை மாவட்டத்தில் சிறுபோக நெல் அறுவடை நடக்கும் ஓகஸ்ட், செப்டம்பர் காலத்தில்தான் சற்று மேற்கே மின்னேரியா, கவுடுல்ல குளங்களில் நீர் வற்றி யானைக் கூட்டங்கள் வெளிக்கு வருகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணை விடுமுறையும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரங்களுக்குக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதே வேளையில்தான் வாய்க்கின்றன. விடுமுறை பொருந்தியது தற்செயல். மற்ற இரண்டும் அப்படியல்ல. குளத்து நீர் மதகு வழியே வயலுக்கு இறங்குவதால் நெல் விளைகிறது. அந்த நீர் விட்டுச்சென்ற ஈரச் சேற்றில் புல் முளைக்கிறது. அந்தப் புல்லைத் தேடி யானை வருகிறது. ஆகவே வான் ஒன்றில் ஏறித் திருகோணமலைக்குப் புறப்படும் குடும்பம், யானை பார்ப்பதையும் வயலில் கைகொடுப்பதையும் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகளாகத் திட்டமிட்டாலும், உண்மையில் ஒரே வாய்க்காலின் இரண்டு முனைகளுக்குத்தான் போய்வருகிறது.

இங்கே சில சொற்களை விளக்கிக்கொள்வது நல்லது. வடகீழ்ப் பருவமழையை நம்பி ஒக்டோபர், நவம்பரில் விதைத்துப் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுவது பெரும்போகம். மழை ஓய்ந்தபின் குளத்தில் தேங்கிய நீரை நம்பி ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து ஓகஸ்ட் அளவில் வெட்டுவது சிறுபோகம். கிழக்கிலங்கைப் பேச்சில் வேளாண்மை என்ற சொல் பொதுவான விவசாயத்தைவிட நெற்செய்கையையும் வயலில் நிற்கும் நெற்பயிரையுமே குறிக்கும். வேளாண்மை வெட்டியாயிற்றா என்று யாராவது கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒரு துறையையே எப்படி வெட்டுவது என்று திகைக்க இடமுண்டு. குளத்தின் மண்ணணை குளக்கட்டு எனப்படும். அதற்கு எதிர்ப்புறத்தில், நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும் தாழ்வான கரை அலைகரை. யானை தேடி வரும் புல் இந்த அலைகரையில்தான் முளைக்கிறது.

கொழும்பிலிருந்து வருவோர் அம்பேபுஸ்ஸையில் கண்டி வீதியை விட்டுப் பிரிந்து, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் ஆகிய ஊர்களைக் கடந்து துறைமுக நகரான திருகோணமலையை அடைகிறார்கள். ஏ6 எனப்படும் இந்த நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வவுனியாப் பக்கமிருந்து வருவோருக்கு ஹொரவப்பொத்தானை வழி உண்டு. இரண்டு சாலைகளும் யானை நடமாடும் காட்டை ஊடறுத்தே செல்கின்றன என்றாலும், பயணிகள் அதிகம் பேசுவது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட பகுதியைப் பற்றித்தான். மாலை நான்கு, நான்கரை மணிக்குமேல் அங்கே முன்னால் போகும் பேருந்து காரணமில்லாமல் வேகம் குறைத்தால், காரணம் பெரும்பாலும் சாலையோரத்தில் நிற்கும்.

அந்த நேரத்தில் வானுக்குள் இருப்பவர்கள் தும்பிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கவேண்டியது காதை. அமைதியாக மேயும் யானையின் காதுகள் விசிறிபோல ஆடிக்கொண்டே இருக்கும், ஏனெனில் காதின் மெல்லிய தோலில் ஓடும் இரத்தம் அந்த அசைவில்தான் குளிர்கிறது. ஆட்டம் நின்று, காதுகள் விரிந்தபடி அசையாதிருந்து, வாலும் விறைத்துவிட்டால், அது வாகனத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அப்போது ஹோர்ன் அடிப்பதும் கமராவின் மின்னொளியைப் பாய்ச்சுவதும் அறிவுடைய செயலல்ல. கூட்டத்தை விட்டுத் தனித்துத் திரியும் ஆணைத் தனியன் என்பர். தந்தமில்லாத ஆண் தமிழ்நாட்டு வழக்கில் மக்னா, ஈழத்து வழக்கில் அலியன், தந்தமுள்ளது கொம்பன். இலங்கை ஆண் யானைகளில் மிகச் சிறு பங்குக்கே தந்தம் இருப்பதால், சாலையோரத்தில் காணக்கிடைக்கும் பெரிய ஆண் பெரும்பாலும் அலியனாகவே இருக்கும். பிள்ளைகள் புத்தகத்தில் பார்த்த வெள்ளைத் தந்தத்தைத் தேடிவிட்டு, இது பெண் யானை என்று முடிவுகட்டுவதும் வழக்கம்தான்.

வாழைப்பழச் சீப்பை யன்னல் வழியே நீட்டுவோரும் உண்டு. அன்பினால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சீப்பின் மூலம் யானை கற்றுக்கொள்வது சாலை என்பது உணவு கிடைக்குமிடம் என்ற ஒரே பாடத்தைத்தான்; அடுத்து வரும் மோட்டார் சைக்கிளில் பழம் இல்லாதபோது அந்தப் பாடத்தின் செலவை, பழம் கொடுத்தவரல்லாத வேறொருவர் கட்டுகிறார். சாலைக்குச் சொன்னது தண்டவாளத்துக்கும் ஓரளவு பொருந்தும். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்றன. ஹபரணையை ஒட்டிய அந்தக் காட்டுப் பகுதியில் 2025 பெப்ரவரி 20 அதிகாலை மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் கூட்டமொன்றின்மீது மோதியதில் குறைந்தது ஆறு யானைகள் இறந்தன.

யானையைச் சரணாலயத்து விலங்கு என்று நினைப்பது நகரவாசியின் பழக்கம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருப்பதாகக் கூறியது. அதன்பின் நாடு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுவதாகவும், அப்படி நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருப்பதாகவும் காட்டியது. எல்லைக்கல் நட்டு இப்பக்கம் நீ, அப்பக்கம் நான் என்று பிரிக்கும் திட்டங்கள் தோற்பதற்கு இந்த இரண்டு எண்களே போதிய விளக்கம். 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மனித-யானை மோதலில் இறந்தார்கள்.

மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் வறட்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் அலைகரையில் கூடுவதை ஆசியாவின் பெரிய காட்டுவிலங்குக் காட்சிகளில் ஒன்றாகச் சுற்றுலாத் துறை விளம்பரப்படுத்துகிறது. 2002இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கவுடுல்ல, கந்தளாய் வழியாக வரும் குடும்பத்துக்கு அதிகத் தொலைவில்லை. எனினும் இந்தக் கூட்டத்தை இயற்கை தானாக நடத்தும் விழா என்று கருதுவது பிழை. மன்னர்கள் கட்டிய குளமும், உழவர் திறந்த மதகும், அதனால் இறங்கிய நீர்மட்டமும் இல்லையேல் அந்தப் புல் இல்லை. மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் பயன்பாட்டுக்கு வந்தபின், வறட்சியிலும் மின்னேரியாவுக்கு நீர் வந்து அலைகரை மூழ்கிப்போன ஆண்டுகளில், புல்லும் குறைந்தது, கூட்டமும் குறைந்தது. உழவருக்கு நீர் அதிகம் கிடைப்பதை யார் குறைசொல்ல முடியும்? ஆயினும் எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்று முடிவுசெய்யும் பொறியியலாளர், தாம் அறிந்தோ அறியாமலோ யானைக்கும் சோறு பங்கிடுகிறார்.

கந்தளாய்க் குளக்கட்டில் வான் நிறுத்தப்படுவது ஏறக்குறைய கட்டாயச் சடங்கு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகச் சிங்கள வரலாற்று மரபும், திருகோணமலைக் கோணேசர் கோயிலின் நெல்வயல்களுக்கு நீர்பாய்ச்சக் குளக்கோட்டு மன்னன் கட்டியதாகத் தமிழ் மரபும் சொல்லும் இக்குளத்தை, குளக்கோட்டன் பூதங்களைக்கொண்டு ஓரிரவில் கட்டுவித்தான் என்று தாத்தாமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். கட்டின் நீளத்தைக் கண்ணால் கண்டபின் பிள்ளைகள் அதை நம்பாமலிருப்பதுதான் கடினம். 1986 ஏப்ரல் 20 அன்று இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதையும் சேர்த்துச் சொல்லும் தாத்தாமார் குறைவு.

துறைமுக நகரத்தில் காட்டுவிலங்கு வேறொரு வேடத்தில் வருகிறது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்தி, 1803இல் பிரித்தானியர் பிரெடெரிக் என்று பெயரிட்ட கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி நெடுகப் புள்ளிமான்கள் மேய்கின்றன. கோட்டையோடு நில்லாமல் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் வந்து, பயணிகளின் கையிலிருந்து வாங்கித் தின்கின்றன. ஹபரணையில் யன்னலை இறக்கவே அஞ்சிய பிள்ளை இங்கே மானின் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கும். பார்க்க இனிய காட்சிதான். ஆனால் கிடைத்ததைத் தின்னப் பழகிய மான், உப்புச்சுவை ஒட்டிய பொலித்தீன் பையையும் விழுங்குகிறது, அது செரிக்காமல் வயிற்றில் அடைத்துச் சாகிறது. கோயில் நிற்கும் பாறையின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்தால் சில நாட்களில் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தூவலைக் காணமுடியும். கரையை ஒட்டியே கடலடியில் ஆழ்பள்ளம் ஒன்று வெட்டிச்செல்வதால் நீலத் திமிங்கிலமும் இங்கே கரைக்கு அண்மையில் வருகிறது. 1980களின் முற்பகுதியில் துலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இக்கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். நிலாவெளிக்கு எதிரே, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட புறாமலைத் தீவைச் சுற்றிய பவளப்பாறையில் துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் முழங்காலளவு நீரில்கூடத் திரிகின்றன. இவற்றை விரிவாகச் சொல்லச் சுற்றுலாக் கையேடுகள் உள்ளன. அவை சொல்லாமல் விடுவது தம்பலகாமத்து வயலை.

தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி. ஆதி கோணநாயகர் கோயிலைச் சுற்றித் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேளாண்மை செய்யும் ஊர். உறவினர் வயல் உள்ள குடும்பம் ஓகஸ்டில் அங்கே போய்ச் சேர்ந்தால், விருந்தினருக்கு வேலை காத்திருக்கும். அது அரிவாளெடுத்து வெட்டும் வேலையல்ல. முன்பு கதிரைக் கையால் வெட்டி, உப்பட்டியாகப் பரப்பி உலரவிட்டு, கட்டிச் சுமந்து சூடாகக் குவித்து, அதாவது போராக அடுக்கி, வசதியான நாளில் எருமைகளையோ உழவு இயந்திரத்தையோ விட்டு மிதித்துப் பொலி தூற்றுவார்கள். பொலி என்பது களத்தில் நெல்லுக்கு வழங்கும் மங்கலப் பெயர். இப்போது வெட்டு மெசின் காலையில் வயலுக்குள் இறங்கி, நண்பகலுக்குள் வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லை மூட்டையாகத் தந்துவிட்டுப் போய்விடுகிறது. ஆள்வேலை மிச்சம் என்று பார்த்தால், ஒரு வேலை புதிதாக முளைத்திருக்கிறது. வெட்டிய கையோடு அடிப்பதால் நெல் பச்சையீரமாக வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லையே முழு விலைக்கு எடுக்கும். ஈர நெல்லை இரண்டு நாள் மூட்டையில் விட்டால் புழுங்கி நிறம் மாறிவிடும். எனவே காயவைக்க வேண்டும். காயவைக்க ஊரில் உள்ள மிகப் பெரிய, மிகச் சூடான, செலவில்லாத களம் தார்வீதி.

வீதியின் ஒரு பாதியில் படங்கு விரிக்கப்படுகிறது; தமிழ்நாட்டில் தார்ப்பாய் எனப்படுவதே ஈழத்தில் படங்கு. அதன்மேல் நெல்லை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருதடவை ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்துபோக, அவர் பின்னால் நெல் இரண்டு சால்களாகப் பிரிந்து, அடியில் கிடந்த ஈர நெல் மேலே வருகிறது. இதற்கு எட்டு வயதுப் பிள்ளையின் பாதமே போதும் என்பதால் இவ்வேலை உடனே பிள்ளைகளுக்குப் போய்விடும். முதல் அரைமணி விளையாட்டு. பத்து மணிக்குப் பின் படங்கு சுடத் தொடங்கும். நெல்லின் சுணை கணுக்காலில் அரிக்கும். நிழலுக்கு ஓடினால் மயில் வந்துவிடும். அவ்வளவு தூரம் பயணம் செய்து காட்டில் தேடிய மயில், இங்கே வேலியோரப் பற்றையிலிருந்து நான்கைந்தாக இறங்கி, படங்கின் ஓரத்தில் நின்று, கழுத்தை வளைத்துப் பொறுக்கும் அழகை முதல்முறை படமெடுக்கும் பிள்ளை, மூன்றாம் முறை கல்லெடுக்கும். பார்வையாளர் உழவராகும் கணம் அதுதான். அது நிகழ ஒரு முற்பகல் போதும் என்பது வியப்புக்குரியது.

காய்ந்ததை அறியும் முறையும் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஒரு நெல்லை உமியோடு கடைவாயில் வைத்துக் கடித்தால், ஈரமாயின் நசுங்கும், காய்ந்ததாயின் டிக் என்று முறியும். கருவி வைத்து அளக்கும் வியாபாரியும் முதலில் கடித்துப் பார்ப்பதுண்டு. பிற்பகலில் மேகம் கறுத்தால் வீடே வீதிக்கு ஓடிவர, ஒருவர் பலகையால் ஒதுக்க, இருவர் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, விருந்தினர் யார் வீட்டார் யார் என்ற பேதமில்லாமல் எல்லாத் தலையிலும் நெல்தூசி படியும். வேலைக்குக் கூலி கட்டித்தயிர். அது கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைப்பட்டிகளிலிருந்து மண்சட்டியில் வருகிறது. சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் கவிழ்த்தாலும் விழாத இறுக்கம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் தயிரும் மனிதரும் பாதையில் ஏறித்தான் களப்பைக் கடக்கவேண்டியிருந்தது. பாதை என்பது இங்கே வழியைக் குறிக்காது, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையைக் குறிக்கும். அண்டையிலுள்ள குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிமுடியாத நிலையில், 2021 நவம்பர் 23 அன்று அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள்.

வெட்டு முடியாத வயல்களில் இரவு காவல் தொடர்கிறது. கதிர் பால்கட்டும் நாளிலிருந்து வெட்டு முடியும்வரை யானை வரக்கூடும். வருவது பெரும்பாலும் ஆண்தான், கன்றோடு திரியும் பெண்யானை மனிதர் விழித்திருக்கும் இடத்துக்கு எளிதில் துணியாது. மரக்கிளையிலோ நட்ட கம்பங்களிலோ கட்டிய பரண், கீழே ஒரு நெருப்பு, ஒரு டோர்ச், வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி. யானை வெடி பெருஞ்சத்தம் எழுப்புவது. அந்தச் சத்தம் காயப்படுத்தாது என்பதை நாளடைவில் கற்றுக்கொண்ட யானைக்கு அது வெறும் அறிவிப்பு. இரவுக் காவலில் விருந்தினர் செய்யக்கூடிய உதவி மிகச் சிறியது: காவலிருப்பவர் கண்ணயராமல் பேச்சுக்கொடுப்பதும், வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுப்பதும், பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவருவதும். நெல் முறியும் ஓசை முதலில் கேட்கும், உருவம் தெரியாது. பகலில் ஹபரணைச் சாலையில் பத்து வாகனங்களை நிறுத்திவைத்துப் பார்த்த அதே விலங்கு, இருளில் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பைச் சரக் சரக்கென்று இழுத்துத் தின்னும் ஓசையாக மட்டும் இருக்கும்போது, வியப்பு எங்கோ போய்விடுகிறது. அதனால் வெறுப்பு வருவதாகவும் சொல்லமுடியாது. யானையைத் திட்டுகிற அதே வாய் அதைப் பிள்ளையார் என்று கும்பிடுவதையும் காணலாம்.

மின்வேலி இதற்கு ஒரு விடை. சூரிய ஒளியில் மின்னேற்றிய மின்கலத்திலிருந்து, உயர் அழுத்த மின்சாரம் கணநேரத் துடிப்புகளாக, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாகக் கம்பியில் ஓடும். தொட்டால் உதறும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது வேறு செயல். அது சட்டவிரோதம், யானையையும் கொல்லும், இருட்டில் தடுமாறிய மனிதரையும் கொல்லும். நெடுங்காலம் அரசு மின்வேலிகளைக் காட்டின் நிருவாக எல்லைகளில் அமைத்தது. வேலியின் இருபுறமும் யானை இருக்கையில் அந்த வேலி எதைத் தடுக்கும் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ. அவர் தலைமையில் 2020இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம், வேலி காட்டைச் சுற்றியல்ல, ஊரையும் வயலையும் சுற்றியே இருக்கவேண்டும் என்றது. அதில் ஒரு வகை பருவகால வயல்வேலி. விதைப்போடு உழவர்களே கூடிக் கம்பி இழுத்து, வெட்டு முடிந்ததும் அவர்களே கழற்றிச் சுருட்டி வைப்பது. கழற்றுவதுதான் இதன் நுட்பம்: தாள் மட்டும் நிற்கும் வயலில் யானை மேய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை, வறட்சியின் கடைசி வாரங்களில் யானைக்கோ அது பெரிய உணவு.

விடுமுறையின் இறுதி நாட்களில் இந்தக் கம்பி சுருட்டும் வேலையும் விருந்தினர் கைக்கு வரும். கம்பிச் சுருள்கள் வயல் வாடிக்குள், அதாவது வயலோரக் குடிலுக்குள், உரச் சாக்குகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்படுகின்றன. அடுத்த ஓரிரு இரவுகளுக்குள் யாரும் காவலிராத வயலுக்குள் யானை இறங்கிப் போயிருப்பது காலையில் தெரியும். மெசின் தவறவிட்ட கதிரைப் பிள்ளைகள் பொறுக்கித் திரிந்த வரப்போரம் இடிந்திருக்கும், வாய்க்காற் சேற்றில் முன்னங்கால் தடம் தட்டுபோல வட்டமாகப் பதிந்திருக்கும். ஆசிய யானையின் முன்னங்கால் சுற்றளவை இரட்டித்தால் அதன் தோளுயரம் கிடைக்கும் என்பது வேட்டைக்காரர் காலத்திலிருந்து வரும் கணக்கு, இன்றைய ஆய்வாளரும் ஏறக்குறைய ஏற்றுக்கொள்வது. சாக்குத் தைக்கும் சணல் நூலைத் தடத்தின் விளிம்போடு ஒட்டிச் சுற்றி, அதே நீளம் இன்னொரு மடங்கு சேர்த்து வெட்டி, வானின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தால், ஒன்று முப்பது மீற்றர்ச் சுற்றளவுக்கு நூல் இரண்டு அறுபதுக்குப் போகும். வானின் கூரை அதற்குக் கீழேயே நின்றுவிடும்.